கரண்ட்டு ஷெட்டில் ஒரு தண்டல்

பச்சையம்மாவுக்கு பீம்ராவ் தரவேண்டிய காலை நாஷ்டா பாக்கி, அதாவது தின்ற இட்லிக்கான கடன், ஐநூற்று நாற்பது ரூபாய். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. பீம்ராவைக் கேட்டால் 'பாக்கி இருக்கிறது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. அந்த வாயிலிருந்து வராத சொல் என்று வேறு எதுவும் கிடையாது.

புளியந்தோப்பில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு, மீசை முளைக்கும் முன்பே துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர் பீம்ராவ். தூக்கித் தூக்கி, கடைசியில் கப்பலின் மேல்தட்டில் வின்ச் ஓட்டுகிறவராக ஆனார். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டை மூட்டையாகச் சரக்கை மேலே இழுத்துக் கரையில் இறக்கும் யந்திரம் அது. "நான் லீவரைப் புடிச்சேன்னா கப்பலே நவுரும்" என்பார். கப்பல் நகர்ந்தால் வேலை போய்விடும் என்று யாரும் எடுத்துச் சொன்னதில்லை. யார் துணையும் இல்லாமல் கையூன்றி எழுந்த மனிதன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தத்தான் செய்வான். பீம்ராவ் நிமிர்த்திய நிமிர்த்தில் சட்டைப் பொத்தான் தெறிக்கும், அவ்வளவுதான்.

துறைமுக வாசலுக்கு எதிரே வியாசர்பாடி பச்சையம்மா இட்லிக் கடை போட்டிருந்தாள். கடை என்றால் ஒரு பலகை, இரண்டு குண்டான், ஒரு சாயம்போன குடை. மூட்டை தூக்கும் கேங்கு ஆட்கள் காலையில் தின்றுவிட்டுப் போவார்கள், கூலி நாளில் கணக்கு முடிப்பார்கள். பீம்ராவ் தின்றது மட்டும் கூலி நாளைத் தாண்டித் தாண்டி ஓடியது. "பெரிய ஆளுகிட்ட சில்லறைக் கணக்கு பேசாதம்மே" என்பார். பிறகு ஒருநாள் துறைமுகத்தில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஆட்களை அனுப்பிவிட்டு கன்டெய்னரைக் கொண்டுவந்தார்கள். மொத்தப் பணம் கைக்கு வந்த நாளில் பீம்ராவ் வழக்கமான வாசலை விட்டுவிட்டு அடுத்த வாசல் வழியாக வெளியேறினார். அதற்கு ஒரு காரணமும் இல்லை என்று அவர் சொல்வார்.

அந்தப் பணத்தில் வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுத்தார். மகன் எழிலனுக்குக் கல்யாணம் முடித்தார். மாலை நேரத்தில் புது மாடிப்படியில் குந்திக்கொண்டு, போவோர் வருவோரிடம், "இந்தத் தெருவுலயே எவனுக்கும் ஒத்தப் பைசா பாக்கி இல்லாத ஆளு யாரு தெர்தா?" என்று கேட்பார். விடையையும் அவரே சொல்வார்.

வின்ச் மேல் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் இடது கன்னத்தில் ஒரு உருண்டை மாவா அடக்கியிருந்தவர் அவர். புகையிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்த உருண்டை இருந்தால் தூக்கம் வராது, பசி தெரியாது. ஓய்வு கிடைத்தது வேலைக்குத்தான், மாவாவுக்கு இல்லை. கன்னத்தின் உள்ளே ஒரு புண் வந்தது. சொத்தைப் பல் என்று சொல்லி கிராம்பை வைத்து அடைத்தார். புண் கிராம்பையும் தின்றுவிட்டு வளர்ந்தது. கடைசியில் பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, தலையை ஆட்டி, கரண்ட்டு வைக்க வேண்டும் என்றார். ரேடியேஷனுக்கு வடசென்னையில் அதுதான் பெயர். அடுத்த வாரம் ஒருவர் கன்னத்தில் ஊதா மையால் கட்டம் போட்டு, "கழுவிடாதீங்க. திங்கக்கெழமை வாங்க" என்று அனுப்பினார்.

தெருவுக்கு பீம்ராவ் சொன்ன கதை வேறு. துறைமுக ஆபீசில் தனக்கு வரவேண்டிய அரியர்ஸ் நிற்கிறது, அதை வாங்கத்தான் தினமும் அலைகிறேன் என்றார். ஊதாக் கட்டத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். புற்று என்று தெரிந்தால், நேற்றுவரை அண்ணாத்தே என்று அழைத்தவன் இன்று தன் டீ கிளாசைத் தள்ளி வைப்பான் என்பது அவருக்குத் தெரியும். அவரும் பலபேருடைய கிளாசை அப்படித் தள்ளி வைத்தவர்தான்.

திங்கட்கிழமை போனால் மிஷின் ரிப்பேர்.

கரண்ட்டு அறைக்கு வெளியே ஒரு தகர ஷெட். அதன் கீழே சிமெண்ட் பெஞ்சுகள். பீம்ராவ் துண்டைச் சரிசெய்துகொண்டு காலியாக இருந்த இடத்தில் உட்காரப் போனார். பக்கத்தில் இருந்த அம்மாள் முகத்தைத் திருப்பினாள். உலகத்தில் எத்தனையோ பெஞ்சு இருக்க, பச்சையம்மா அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"குந்து அண்ணாத்தே" என்றாள் நிதானமாக. "கன்னத்துல இன்னா, பிளாட்டு பிரிச்சிகினு கீறியா?"

"நான் ஒருத்தரைப் பாக்க வந்தேன்."

"மிஷினைப் பாக்கத்தான் அல்லாரும் வந்துகீறோம். அதுதான் நம்மளப் பாக்க மாட்டேங்குது."

பாக்கியைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. அதுதான் பீம்ராவைக் குத்தியது. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கேட்காதவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

பச்சையம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கோளாறு. அவளுக்கு இந்தப் பக்கம் வண்ணாரப்பேட்டை ரஹீம் பாய், பழைய துணி வியாபாரி. தொண்டையில் வந்திருந்ததால் குரல் போய் வெறும் காற்றுதான் வரும். அந்தக் காற்றிலும் பாதி கேலி. அந்தப் பக்கம் ராயபுரம் பிலோமி, ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் உரிப்பவள். மார்பில் ஆபரேஷன் ஆனவள். "ஒரு பக்கம் பில்டிங்கை இடிச்சிட்டாங்க நைனா. நிலம் காலியாத்தான் கீது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கடைசியில் காலடிப்பேட்டை தேவப்பிரியம். மணலியில் டேங்கர் லாரிகளுக்கு எடை போட்டவர். உணவுக்குழாயில் புற்று. எந்த நாளும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கஞ்சியைத் தவிர எதுவும் இறங்காத மனிதர், சட்டைக்கும் கஞ்சி போட்டு வருவார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம் இருந்தது. காலையில் அட்டெண்டர் வந்து பெயர் கூப்பிடுவார். உள்ளேன் என்று சொன்னால் வரிசையில் உன் இடம் உனக்கு. தொடர்ந்து மூன்று நாள் சொல்ல ஆளில்லை என்றால் உன் பெயர் வரிசைக் கடைசிக்குப் போய்விடும். மிஷின் ஓடாத நாளிலும் இந்தச் சட்டம் ஓடும். ஓடாத மிஷினுக்கு எதற்கு ஆஜர் என்று திருவொற்றியூர்க்காரர் ஒருவர் கேட்டார். அவர் பெயரும் கடைசிக்குப் போனது.

இப்படி வாரக்கணக்கில் வந்து வந்து திரும்பினால் மனிதன் என்ன ஆவான்? ஒருநாள் பஸ் காசு இருக்காது. ஒருநாள் உடம்பு எழுந்திருக்காது. ஒருநாள் காசும் உடம்பும் இருந்தும் மனசு கட்டிலை விட்டு இறங்காது. அப்படியே நின்றுவிடுவார்கள். மிஷின் ஓடத் தொடங்கும் நாளில் அவர்கள் பெயர் எங்கேயோ வாலில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த வால் நகர்ந்து முன்னால் வருவதற்குள் நோய் அவர்களை முடித்துவிடும்.

இதற்கு வைத்தியம் கண்டுபிடிக்க ஒரு தொண்டு நிறுவனத்து அம்மையார் ஒருநாள் வந்தார். வாசனையான சேலை, பின்னால் கேமராக்காரர், தூணுக்குத் தூண் கட்டிய பேனர். நோயாளிகளின் ஆதரவுக் குழு தொடக்க விழாவாம். எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்து, "உங்கள் மனதில் உள்ள உணர்வுகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்றார்.

பிலோமி கை தூக்கினாள். "டீ ஆறிப் பூச்சின்ற உணர்வு கீது மேடம்."

ரஹீம் பாய் காற்றை விட்டு ஏதோ சொன்னார். அம்மையார் ஆவலாகக் குனிந்தார். "ஐயா என்ன சொல்றார்?"

"மிஷினுக்கு ஏதாவது உணர்வு இருந்தா அதைப் பகிர்ந்துக்கச் சொல்லுங்கன்றாரு" என்றாள் பச்சையம்மா.

படம் எடுத்தார்கள். பேனரை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். பிஸ்கட் டப்பாவையும் மறக்காமல் எடுத்துப் போனார்கள். அதன் பிறகு அந்தக் குழுவை அந்தக் குழுவில் இருந்தவர்களே பார்க்கவில்லை.

உண்மையான குழுவை அதற்கு முன்பே பச்சையம்மா ஆரம்பித்திருந்தாள். அதற்குப் பெயரும் இல்லை, பேனரும் இல்லை. இட்லி லாபத்தில் அவள் தண்டல் விட்டவள். தண்டல் என்றால் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் தெரியும்: கைமாற்றாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, தினம் தினம் இவ்வளவு என்று வீட்டு வாசலில் வந்து வசூல் பண்ணுவது. ஒருநாள் தவறினால் தண்டல்காரி வாசலில் நின்று கத்துவாள். தெரு முழுக்க வேடிக்கை பார்க்கும். அந்த மானக்கேட்டுக்குப் பயந்தே கட்டிவிடுவார்கள்.

பச்சையம்மா ஷெட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஐம்பது ரூபாய் கொடுத்தாள். வேண்டாம் என்றவர்கள் மடியிலும் திணித்தாள். வட்டி இல்லை. தினம் ஒரு ரூபாய், இங்கே, இந்தப் பெஞ்சில், காலையில் பெயர் கூப்பிடும் முன்பு கட்ட வேண்டும். ஒருநாள் வராவிட்டால் மறுநாள் வசூல் வீட்டுக்கு வரும்.

"ஒரே கண்டிஷன். வசூலுக்குப் போற வூட்டுல நோயைப் பத்தி மூச்சு வுடக் கூடாது. துட்டைப் பத்தி மட்டும் கத்தணும்."

"ஏன்க்கா?" என்றாள் பிலோமி.

"வூட்டுல நோயாளி கீறான்னா மூலைல படுக்கப் போடுவாங்க. கடங்காரன் கீறான்னா சும்மா படுக்க வுடுவாங்களா?"

முதல் வசூல் பிலோமி வீட்டுக்கே நடந்தது. சலிப்பு வந்து அவள் நின்றுவிட்டிருந்தாள். பச்சையம்மா போய் ராயபுரத்துச் சந்தில் நின்று கத்தினாள். குரல் இல்லாத ரஹீம் பாய் பக்கத்தில் கைகட்டி முறைத்துக்கொண்டு நின்றார். பெரிய அடியாள் என்று சந்தே நம்பியது. காற்றடித்தால் பறந்துவிடும் உடம்பு என்பது லுங்கிக்குள் யாருக்கும் தெரியவில்லை. மாமியார்க்காரி மறுநாள் விடியும் முன்பே பிலோமியை எழுப்பி, கையில் சில்லறை வைத்து, பஸ் ஏற்றிவிட்டாள். மருமகளுக்கு மார்பு போனதைப் பற்றி அக்கம்பக்கத்தில் வாயே திறக்காத அந்தக் கிழவி, கடன் என்றதும் துடித்துப்போனாள். குடும்ப மானம் அங்கேதான் இருந்ததாம்.

இந்தத் தண்டலில் சேராத ஒரே ஆள் பீம்ராவ்.

"நான் எவன்கிட்டயும் கை நீட்டி வாங்கினது கெடையாது. பிச்சைக்காரக் கூட்டத்துல என்னைச் சேக்காதே."

"அப்போ பழைய பாக்கியையே தண்டலாக் கட்டேன்" என்றாள் பச்சையம்மா. முதல் முறையாக அன்றுதான் கேட்டாள்.

ஷெட்டே திரும்பிப் பார்த்தது. பீம்ராவ் துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னா பாக்கி? அதெல்லாம் அப்பவே குடுத்தாச்சு."

அன்று மதியம் மிஷின் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து பார்ட்டு வருகிறது என்றார்கள். வந்தது, வேறு மிஷினுக்கு உரியதாம். பீம்ராவ் கன்னத்து ஊதாக் கட்டம் வெளுத்தது, மறுபடி போட்டார்கள், அதுவும் வெளுத்தது. புண் மட்டும் வெளுக்கவில்லை. ஒருநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. அரியர்ஸ் ஆபீசு லீவு என்று மருமகளிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் தெருவில் ஒரு குரல் எழும்பியது.

"யோவ், வின்ச்சு பீமா! கீழ எறங்குய்யா! மாடி கட்டத் துட்டு கீது, துன்ன இட்லிக்குத் துட்டு இல்லியா?"

பீம்ராவ் மாடியிலிருந்து தலையை நீட்டினார். பச்சையம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். பக்கத்தில் ரஹீம் பாய் கைகட்டி முறைத்தார். எதிர்வீட்டு, பக்கத்துவீட்டு, முனைவீட்டுத் தலைகள் எல்லாம் வெளியே.

"குடுத்தாச்சும்மே! கத்தாதே!"

"யாருகிட்ட குடுத்தே?"

"ஒன் கடைல வேல செஞ்சுதே ஒரு பொண்ணு, அதுகிட்ட."

"என் கடைல எந்தக் காலத்துலய்யா பொண்ணு வேல செஞ்சுது? நானே மாவாட்டி, நானே அவிச்சு, நானே சட்டி கழுவினேன். ஐநூத்தி நாப்பது ரூவா! ஷெட்டுக்கு வந்து பதில் சொல்லு!"

எந்த ஷெட்டு என்று தெருவுக்குப் புரியவில்லை. துறைமுக ஷெட்டு என்று அதுவே நினைத்துக்கொண்டது. ஆனால் மறுநாள் காலை முனைக்கடைக்காரர் பால் பாக்கெட்டை நீட்டியவர், காசைக் கண்ணால் பார்த்த பிறகே கையை விட்டார். வாழ்நாளில் பீம்ராவ் அப்படி ஒரு பால் குடித்ததில்லை.

அந்தக் கோபத்தோடு பஸ் ஏறி ஷெட்டுக்குப் போனார். "தெருவுல மானத்தை வாங்கிட்டியேம்மே! என்னை யாருன்னு நெனச்சே..."

"பீம்ராவ்!" என்றார் அட்டெண்டர்.

"மொதல்ல உள்ளேன்னு சொல்லு" என்றாள் பச்சையம்மா. "அப்பால சண்டை போடலாம்."

"உள்ளேன்!" என்று கத்தினார் பீம்ராவ். அவர் இடம் தப்பியது. சண்டை போடத்தான் வாய் வரவில்லை. அன்றிலிருந்து தினமும் வந்தார். கடன் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு அல்ல. இல்லை என்று நிரூபிப்பதற்காகத் தினமும் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து வின்ச் கதை சொன்னார். புயலில் தான் தனியாக இறக்கிய நூறு டன் சரக்கைப் பற்றிச் சொன்னார். எடை போட்டே பிழைத்த தேவப்பிரியம் ஒருநாள் மெல்லக் கேட்டார்: "அண்ணே, போன வாரம் அது எழுபது டன்னா இருந்துச்சே. மழைல நனைஞ்சிடுச்சா?"

ஷெட் சிரித்தது. பீம்ராவும் சிரித்தார். கன்னம் வலித்தது.

தேவப்பிரியம் அதற்கு அடுத்த வாரம் வரவில்லை. வசூலுக்குப் போன பச்சையம்மா காலடிப்பேட்டையில் அவர் தெருமுனை திரும்பியதும் நின்றுவிட்டாள். வாசலில் ஷாமியானா, நாற்காலிகள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அவரைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கத்த வேண்டியவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிட்டார்கள். "தேவப்பிரியம்!" பதில் இல்லை. "தேவப்பிரியம்!"

"செத்துட்டாருங்க" என்றாள் பிலோமி.

அட்டெண்டர் பேனாவால் ஒரு கோடு போட்டார். "அப்போ ஆப்சென்ட்டு" என்றார். சட்டப்படி தேவப்பிரியம் வரிசைக் கடைசிக்குப் போனார்.

அதற்கு மறுநாள் பச்சையம்மாவின் இடம் காலி. அடுத்த நாளும் காலி. தண்டல் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நல்லவேளை, பெயர் கூப்பிடும் அட்டெண்டர் அந்த இரண்டு நாளும் லீவு. மிஷின் ரிப்பேரான மாதிரி அவரும் ரிப்பேர். அன்று மதியம் வடக்கே இருந்து இன்ஜினியர் வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ செய்தார். சாயங்காலம் உள்ளே யந்திரம் முனகும் சத்தம் கேட்டது. நர்ஸ் வெளியே வந்து, "நாளைக்குக் காலையில ஸ்டார்ட்டு. நாளைக்கு யார் யார் இருக்கீங்களோ அதுதான் வரிசை" என்றாள்.

"அக்காவைப் போய் இஸ்துகினு வரணும்" என்றாள் பிலோமி.

ரஹீம் பாய் காற்றில் சொன்னார்: "நாம அல்லாரும் அவளுக்குக் கடங்காரங்க. கடங்காரன் போயி கத்தினா கடன் குடுத்தவ வருவாளா?" பிறகு பீம்ராவைப் பார்த்தார். "நீதான் பாக்கியே இல்லாதவனாச்சே நைனா. நீ போ."

பீம்ராவ் போனார். வியாசர்பாடியில் பச்சையம்மா வீடு குடியிருப்பின் தரைத்தளம். எதிரே டீக்கடை. அந்த டீக்கடையில் பழைய கேங்கு ஆட்கள் நாலைந்து பேர் தினமும் உட்கார்ந்திருப்பார்கள் என்பது தெரிந்தும் போனார்; அவர் செய்த முதல் நல்ல காரியம் அது. வாசலில் பச்சையம்மாவின் மகன் வரதன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அம்மா ஊருக்குப் போயிகீது" என்றான்.

"எந்த ஊருக்கு? வியாசர்பாடியே ஒங்கம்மாவுக்கு ஊரு." பீம்ராவ் கதவைத் தட்டினார். "பச்சை! தெறம்மே! நாளைக்கு மிஷினு ஓடுது!"

உள்ளே இருந்து குரல் வந்தது. "எத்தினி நாளைக்கு ஓடும்? நீ போ அண்ணாத்தே. எனக்கு வாணாம்."

"இன்னா வாணாம்?"

"தண்டல் கட்டிகினு கீறவன் சாவ மாட்டான்னு நெனச்சேன். கடங்காரன் செத்துப் பூட்டான். எனக்கு அந்தத் தொழிலு இனி வராது. கரண்ட்டும் வாணாம், ஒண்ணும் வாணாம். என்னை வுட்டுடு."

பீம்ராவ் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்தார். "நான் யார் தெர்தா? நான் லீவரைப் புடிச்சேன்னா..."

"கப்பலே நவுரும். தெரியும் போய்யா."

டீக்கடையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். பீம்ராவ் நின்றார். அவரிடம் இருந்த சரக்கு அவ்வளவுதான். உள்ளே இருந்து குரல் மறுபடி வந்தது, இந்த முறை சூடாக: "எவனுக்கும் பாக்கி இல்லாத மனுசன், எம் வாசல்ல நின்னுகினு இன்னா கேக்குறே? உனக்கும் எனக்கும் இன்னா வரவு செலவு கீது?"

அதுதான் பீம்ராவைக் கட்டிப்போட்டது. உண்மைதான். உறவில்லை, சாதி சனமில்லை, பக்கத்து வீடும் இல்லை. நாளைக் காலை அந்த அம்மாள் வராமல் பெயர் வாலுக்குப் போய்விட்டால், அவள் சாவுக்குக்கூட வந்து நிற்க அவருக்கு ஒரு காரணம் கிடையாது. அவருக்கும் அவளுக்கும் நடுவே இருந்த ஒரே கயிறு அந்த இட்லி. அதைத்தான் அவர் இத்தனை நாளாக இல்லை இல்லை என்று அறுத்துக்கொண்டிருந்தார்.

அவர் டீக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பழைய கூட்டாளிகள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நாளை இது புளியந்தோப்பில் இருக்கும். மாடிப்படியில் இனி எந்த முகத்தோடு உட்காருவது? கன்னம் விண்ணென்று தெறித்தது. இருந்தாலும் வாயைத் திறந்தார்.

"பாக்கி கீதும்மே!"

டீக்கடையில் கிளாசுகள் பாதி வழியில் நின்றன.

"நான் உனக்குப் பாக்கி! கூலி நாள்ல குடுக்காம ஏமாத்தினேன். ஓய்வுத் துட்டு வந்த அன்னிக்கு உன்னைப் பாத்துடக் கூடாதுன்னு அடுத்த கேட்டு வழியா ஓடினேன். பொண்ணுகிட்ட குடுத்தேன்னு சொன்னது பொய்யி. ஐநூறு ரூவா பாக்கி!"

"ஐநூத்தி நாப்பது" என்றது கதவு.

"ஐநூத்தி நாப்பது! அல்லாரும் கேட்டுக்கங்க! ஐநூத்தி நாப்பது! ஆனா இங்க குடுக்க மாட்டேன். நாளைக்குக் காலைல ஷெட்டுல, கரண்ட்டு வச்சிகினு வெளிய வர்ற எடத்துலதான் குடுப்பேன். வேணும்னா வந்து வாங்கிக்கோ. வரலேன்னா நான் பாக்கியோட சாவேன். என் பேரைக் கெடுத்த பாவம் உன்னைத்தான் சேரும்!"

பிறகு தாழ்ப்பாள் அசைந்தது. கதவு ஒரு விரல் அளவு திறந்து, பச்சையம்மாவின் ஒரு கண் தெரிந்தது. அழுதழுது வீங்கிய கண்.

"டபாய்க்க மாட்டியே?"

"வந்து பாரேன்."

மறுநாள் காலை அவள் வந்தாள். இரண்டு நாளில் ஆள் பாதியாகி இருந்தாள். வரதன் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். அட்டெண்டர் லீவு முடிந்து, முகத்தில் ஓடத் தொடங்கிய மிஷினின் பெருமை முழுக்கத் தன்னுடையது என்பதுபோல் வந்தார். பெயர்களைக் கூப்பிட்டார். ரஹீம் பாய் எழுந்து கை தூக்கினார், அவர் உள்ளேன் யாருக்கும் கேட்கவில்லை. பிலோமி அவருக்காகவும் சேர்த்துக் கத்தினாள். பச்சையம்மா பெயர் வந்தபோது அவள் சொல்லும் முன்பே பெஞ்சு முழுக்க உள்ளேன் என்றது. அட்டெண்டர் கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். "ஒரு ஆளுக்கு ஒரு உள்ளேன் போதும்" என்றார்.

முதலில் பீம்ராவ் உள்ளே போனார். குளிர்ந்த அறை, தலைக்கு மேல் பெரிய இரும்புத் தலை. வலிக்கவே இல்லை. இதற்கா இத்தனை நாள் அலைந்தோம் என்று இருந்தது. வெளியே வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பச்சையம்மா உள்ளே போனாள். கதவு மூடியது, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கு அணைந்தது. சேலையைச் சரிசெய்துகொண்டே அவள் வெளியே வந்தாள்.

வந்தவள் வலது கையை நீட்டி விரித்தாள். மாவாட்டித் தேய்ந்த உள்ளங்கை.

பீம்ராவ் சட்டைப் பையில் கை விட்டார். ஒரு நூறு வைத்தார். மேலே இன்னொரு நூறு. மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதை வைத்துவிட்டு, "ஐநூறா வச்சிக்கோயேன், ரவுண்டா கீது" என்றார்.

கை மூடவில்லை.

"பாதி மூட்டையை அந்தரத்துல வுட்டுட்டு வின்ச்சை வுட்டு எறங்குவியா?" என்றாள் பச்சையம்மா.

பீம்ராவ் மறுபடி பைக்குள் கை விட்டார். ஒரு பத்து. இன்னொரு பத்து. மூன்றாவது பத்து கசங்கியிருந்தது, தடவி நீவி வைத்தார். கடைசிப் பத்துக்கு நோட்டு இல்லை. இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக, அந்தக் கையில் வைத்தார்.